பத்துக்குப் பத்து அறையில் பேஸ் காணாமல் போவது ஏன்?

வணக்கம் நண்பரே. நீங்கள் பாட்டு மிக்ஸ் செய்யும் (ஒலிகளைக் கலந்து பாடலாக்கும்) அறை 10×10 அடி, உயரமும் 10, மேசை நடுவில். அங்கே கேட்கும்போது பேஸ், அதாவது தாழ்ந்த கனமான ஒலி, போதவில்லை, அதே மிக்ஸ் காரில் திம் திம் என்று இடிக்கிறது என்கிறீர்கள். ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள், அறைதான் ஏமாற்றுகிறது.

10 அடிச் சுவர்களுக்கு இடையே சுமார் 56 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 56 அதிர்வு) ஒலி நிலையலையாக, அதாவது சுவருக்குச் சுவர் எதிரொலித்து இடம் மாறாத அலையாக, நிற்கும். உங்கள் அறையில் மூன்று பக்கமும் ஒரே அளவு என்பதால் மூன்றின் அலைகளும் அதே 56 ஹெர்ட்ஸில் சேர்ந்துகொள்கின்றன. சுவரோரம் அது உறுமும், நட்ட நடுவில் அமுங்கிப்போகும். நீங்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்! ஒரு 56 ஹெர்ட்ஸ் சைன் டோனை (ஒரே அதிர்வெண்ணில் ஒலிக்கும் தனி ஒலியை) ஓடவிட்டு மூலைக்கு நடந்து பாருங்கள், புரியும்.

மேசையை முன்சுவர்ப் பக்கம் தள்ளி, காது அந்தச் சுவரிலிருந்து 3¾ அடியில் வருமாறு உட்காருங்கள். இடது வலது சமமாக இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணம், ட்வீட்டர் (ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் சின்ன வட்டம்) காது உயரத்தில். ஸ்பீக்கர் சுவரை ஒட்டி வந்தால் பின்னால் உள்ள பேஸ் சுவிட்சைக் கொஞ்சம் குறையுங்கள்.

அப்புறம் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த முட்டை அட்டைகளைக் கழற்றிவிடுங்கள். நானும் ஒட்டினேன், கரப்பான்பூச்சிதான் குடிவந்தது. 4 அங்குல ராக்வூலை (ஒலியை உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு போன்றதல்ல, பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) மரச்சட்டத்தில் அடைத்து, துணி போர்த்தி, முதலில் மூலைகளில் நிறுத்துங்கள். மீந்தால் பக்கச் சுவர்களுக்கு. ராக்வூலைத் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், அரிப்பு தாங்காது.