பழைய கிட்டார் பெடல் திருத்துவது: கேள்வி பதில்

கிட்டாரின் சத்தத்தை மாற்றக் காலால் அமர்த்தும் சிறு பெட்டிதான் பெடல். அதைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் தருகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். பழுது எங்கே என்று தெரியும்வரை சோல்டர் அயனைச் சூடாக்காதீர்கள். பழைய போர்டின் செப்புத் தடம் சூட்டில் இலகுவாக உரிந்துவிடும்.

கல்லடி: அண்ணா, மாமா பாவித்த ஐபனேஸ் டிஎஸ்9 பெடல். ஓஃப் செய்தால் கிட்டார் சத்தம் வருகிறது. ஓன் செய்தால் லைட் எரிகிறது, சத்தமே இல்லை. ஐசியை, அதுதான் உள்ளேயுள்ள கறுப்புச் சில்லை, மாற்றவா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. இந்தப் பெடலில் ஓஃப் நிலையிலும் சத்தம் உள்ளேயுள்ள டிரான்சிஸ்டர்கள் வழியாகத்தான் போகிறது. ஆகவே ஜாக் இரண்டும் நல்லம், பற்றரி வழியும் நல்லம். பழுது நடுப்பகுதியில் இருக்கிறது.

முதலில் மல்டிமீட்டரால் ஐசியின் கால்களைப் பாருங்கள். 9 வோல்ட் கொடுத்தால் 8ஆம் காலில் ஏறத்தாழ 9, 1ஆம் 7ஆம் கால்களில் 4.5 அளவில் இருக்க வேண்டும். அது சரியென்றால் சத்தத்தைத் தேடிப் போகலாம். சத்தத்தைப் பெருக்கும் அம்ப்புக்குப் போகும் ஒரு கேபிளின் நுனி வயரில் 0.1 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்து, அதன் மறுகாலைத் தேடுகோலாகப் பிடியுங்கள். கேபிளின் வெளிவயரைப் பெடலின் கிரவுண்டில் கொளுவுங்கள். இன்புட்டுக்கு ஃபோனில் ஒரு பாட்டைக் குறைந்த சத்தத்தில் விட்டு, அம்ப் வொலியூமையும் குறைத்து, பாகம் பாகமாகத் தொட்டுக்கொண்டு போங்கள். பாட்டு எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக்கும் அதற்கு முன் தொட்ட இடத்துக்கும் இடையில்தான் பழுது. பெரும்பாலும் அங்கே வெடித்த சோல்டரோ, குமிழுக்குப் போகும் அறுந்த வயரோதான் இருக்கும். இந்த ஒரு கருவி இருந்தால் சேர்க்கிட் படம் இல்லாமலே பல பெடல்களைத் திருத்தலாம்.

அக்கரைப்பற்று: நானா, அவசரத்துக்கு யமஹா கீபோர்ட் அடப்டரைக் குத்திவிட்டேன். மறுகா பெடலில் உயிரே இல்லை.

அந்த அடப்டர் 12 வோல்ட், நடுவில் பிளஸ். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுவில் மைனஸ். பயப்பட வேண்டாம். பல பெடல்களில் மின் நுழையும் இடத்தில் ஒரு காவல் டையோட் இருக்கும். மின் தலைகீழாக வந்தால் அது தன்னைப் பலி கொடுத்து ஷோர்ட் ஆகும். அதை மீட்டரால் அளந்து, இருபக்கமும் கடத்தினால் 1என்4001 ஒன்றைப் போடுங்கள். பக்கத்தில் கருகிய சிறிய ரெசிஸ்டர் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கல்முனை: பழைய பொஸ் டிஎஸ்-1 பெடல். பற்றரியில் நன்றாக வேலை செய்கிறது. புது 9 வோல்ட் அடப்டரில் லைட் மங்கல், சத்தமும் மெலிவு.

பெரும்பாலும் பெடலில் பழுதே இல்லை. அடப்டர் துளைக்குப் பக்கத்தில் ஏசிஏ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்துப் பொஸ் பெடல்களை 12 வோல்ட் அடப்டருக்கென்றே செய்தார்கள். உள்ளே ஒரு ரெசிஸ்டரும் டையோடும் வோல்ட்டைக் குறைக்கும். அப்படி எழுதியிருந்தால் நடுவில் மைனஸ் உள்ள 12 வோல்ட் கொடுங்கள், சரியாகிவிடும்.

மட்டக்களப்பு நகரம்: ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள ஃபஸ் பெடல் ஒன்று வைத்திருக்கிறேன். இரவில் அருமை. பகலில் சத்தம் அடைத்து, விட்டுவிட்டு வருகிறது.

கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் காலத்து வெக்கைதான் காரணம். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரில் இயல்பாகவே கொஞ்சம் மின் கசியும். வெப்பம் 10 பாகை ஏறினால் அந்தக் கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். 1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலுக்கும் இதே குணம். அந்த வகைச் சேர்க்கிட் என்றால் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். அங்குள்ள 8.2 கிலோஓம் ரெசிஸ்டரைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, பதிலுக்கு ஒரு டிரிம்மர் (திருப்பி அளவு மாற்றும் சிறு ரெசிஸ்டர்) போட்டு, நீங்கள் வாசிக்கும் நேரத்து வெப்பத்தில் சரிசெய்யுங்கள். டிரான்சிஸ்டரை மட்டும் சிலிக்கனுக்கு மாற்றிவிடாதீர்கள். அந்தக் குரல் போய்விடும், எனக்கு அது தாங்காது.

இன்னொன்று. பழைய ஜெர்மேனியம் பெடல்கள் பல பிளஸ் கிரவுண்ட், அதாவது பற்றரியின் பிளஸ் முனைதான் கிரவுண்ட். மற்றப் பெடல்களோடு ஒரே அடப்டரில் கோர்த்தால் ஷோர்ட் ஆகும். பற்றரியே நல்லது.

ஆரையம்பதி: வொலியூம் குமிழைத் திருப்பினால் கரகர என்கிறது. கிளீனர் அடித்தும் போகவில்லை.

அப்படியென்றால் அழுக்கு இல்லை. குமிழின் ஓரக் காலில் டிசி வோல்ட் இருக்கிறதா அளந்து பாருங்கள். இருந்தால் அதற்கு முன்னுள்ள கப்பாசிட்டர் கசிகிறது. அதை மட்டும் மாற்றுங்கள்.

செங்கலடி: அண்ணா, பழையது என்பதால் எல்லாக் கப்பாசிட்டரையும் மாற்றலாமா?

வேண்டாம் தங்கச்சி. காய்ந்துபோவது எலெக்ட்ரோலிட்டிக் என்ற வகைக் கப்பாசிட்டர் மட்டும். ஊதியது, ஒழுகியது, அளவு குறைந்தது இருந்தால் மாற்றுங்கள். ஃபிலிம் கப்பாசிட்டர்களை விட்டுவிடுங்கள்.

பொத்துவில்: கடற்கரை வீடு. ஜாக்கில் பச்சை பிடிக்கிறது.

உப்புக்காற்றின் வேலை. ஐசோபுரொப்பைல் அல்ககோலும் பழைய பல்தூரிகையும் போதும். ஜாக்கின் வளையும் தகட்டைக் கொஞ்சம் உள்ளே அழுத்திவிடுங்கள். வாசித்து முடிந்ததும் இன்புட் கேபிளைக் கழற்றுங்கள். அது கொளுவியிருக்கும்வரை பற்றரி இறங்கும், தீர்ந்த பற்றரி உள்ளே ஒழுகினால் போர்டையே தின்றுவிடும்.