மரம் நட்டவரை ஏன் விஞ்ஞானி என்கிறார்கள்?

கேள்வி: கென்யாவின் வங்காரி மாத்தாய் மரம் நட்டு நோபல் பரிசு பெற்றவர். அவரை விஞ்ஞானி என்பது மிகை இல்லையா?

மிகை இல்லை. கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் ஜாதி அபிமானமும் உண்டு. அவர் தாவரவியல்காரர் அல்லர், எங்கள் துறைக்காரர். கால்நடை உடற்கூறியலில் 1971இல் நைரோபியில் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அவரைக் காட்டுக்கு அழைத்துப்போனது உண்ணி. மாட்டின் காதில் ஒட்டிக்கொள்ளும் பழுப்பு உண்ணி, தைலேரியா என்ற ஒட்டுண்ணியைப் பரப்பி ஒருவகைக் காய்ச்சலை உண்டாக்கும். நாட்டு மாடு ஓரளவு தாங்கும். வெளிநாட்டுக் கலப்பினம் செத்துவிழும். இதை ஆராய, நைரோபியைச் சுற்றியுள்ள ஊர்களில் உண்ணி சேகரிக்கப் போனார். போன இடத்தில் மாடுகளின் விலா எலும்பை எண்ண முடிந்தது. மேய்ச்சலுக்குப் புல் இல்லை. மழை பெய்தால் ஆறு மண்ணைக் கரைத்துக்கொண்டு செந்நிறமாக ஓடியது. மாட்டுக்கு உண்ணியைவிடப் பெரிய ஆபத்து காலடியில் இருக்கிறது என்று அங்கேதான் அவருக்குப் பட்டது. நானாக இருந்திருந்தால் உண்ணியை மட்டும் குப்பியில் போட்டுக்கொண்டு திரும்பியிருப்பேன்.

பிறந்த ஊரான நியேரிப் பகுதியிலும் அதே கதை. சிறுவயதில் தாய், ஓர் அத்திமரத்தைக் காட்டி, அதிலிருந்து விறகு பொறுக்கக் கூடாது, அது கடவுளின் மரம் என்று சொல்லியிருந்தார். பக்கத்தில் ஊற்று; அதில் தவளை முட்டைகள். பிறகு அந்த மரத்தை வெட்டித் தேயிலை வைத்தார்கள், ஊற்று வற்றிப்போனது. அத்தியின் வேர் பாறையைத் துளைத்து நிலத்தடி நீர் வரை இறங்கும், மண் சரியாமல் பிடித்துவைக்கும் என்பதைப் பின்னாளில்தான் படித்துப் புரிந்துகொண்டார்.

கென்யத் தேசியப் பெண்கள் மன்றத்தில் கேட்ட செய்தி இன்னொன்று. காப்பியும் தேயிலையும் விளையும் வளமான மத்தியப் பகுதியில் குழந்தைகளுக்கு ஊட்டச்சத்துக் குறைவு. காரணம் விறகு. அடுப்பெரிக்க விறகு கிடைக்காததால் தாய்மார்கள் சீக்கிரம் வேகும் வெள்ளை அரிசி, ரொட்டி என்று மாறிவிட்டார்கள். காட்டழிப்பு குழந்தையின் தட்டு வரை வந்துவிட்டது. நோய் ஓரிடம், காரணம் வேறிடம். இதைப் பிடிப்பதுதானே எங்கள் தொழிலே!

1977 ஜூன் 5 அன்று நைரோபியில் ஏழு மரங்களோடு, பெண்களைக் கொண்டு மரம் நடும் அவரது பசுமைப் பட்டை இயக்கம் தொடங்கியது. 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு வந்தபோது மரங்களின் எண்ணிக்கை மூன்று கோடி. நடுவில் நடந்த அரசியல் சண்டைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1989இல் நைரோபியின் உஹுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் கட்டுவதை அவர் எதிர்த்தபோது, எதிர்ப்பவர்களின் தலையில் பூச்சி இருக்கிறது என்றார் அதிபர் மோய். உண்ணியை ஆராய்ந்த பெண்மணிக்கு இந்த வசவு! (உண்ணிக்கு எட்டுக் கால், அது பூச்சியே அல்ல.) கட்டடம் எழும்பவில்லை.

அவரது வேலைமுறைதான் என்னை அதிகம் கவர்ந்தது. நாற்று வளர்க்க வனத்துறையினர் சொன்ன முறைகள் படிக்காத பெண்களுக்குச் சிக்கலாக இருந்தன. பயிர்வைக்கத் தெரிந்த உங்களுக்கு மரம் வளர்க்கத் தெரியாதா என்றார் இவர். அக்கம்பக்கத்து மரங்களின் விதையைப் பொறுக்கி, உடைந்த பானையிலும் பழைய தகர டப்பாவிலும் முளைக்கவைத்தார்கள். அதற்குச் சில காசுகள் கூலியும் உண்டு. ஆனால் நட்ட கன்றுக்குக் கூலி இல்லை, பிழைத்த கன்றுக்கு மட்டுமே. எத்தனை ஊசி போட்டேன் என்று மாதாமாதம் அறிக்கை எழுதிக்கொடுத்த எனக்கு, எத்தனை மாடு பிழைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.