கோவை நெரிசல்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

சாலைத் திட்டமிடல் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். முடிந்தவற்றுக்கு இங்கே பதில்.

பீளமேட்டிலிருந்து: அவிநாசி ரோடு மேம்பாலத்தில் சல்லென்று வந்துவிடுகிறோம். இறங்கியதும் நிற்கிறோமே, ஏன் சார்?

உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. பாலம், 2025 அக்டோபரில் திறந்தார்கள். நடுவில் இருந்த சந்திப்புகளைத் தாண்டி வர அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் இறங்கும் இடத்தில் பழைய ரோடு நிமிடத்துக்கு எத்தனை வண்டியை வாங்குமோ, அத்தனைதான் நகரும். வாய் அகலமான புனலில் தண்ணீரை வேகமாக ஊற்றினாலும் அடியில் இருக்கும் குழாய் அளவுக்குத்தானே இறங்கும்?

சிங்காநல்லூரிலிருந்து: விபத்து இல்லை, பள்ளம் இல்லை. திடீரென்று எல்லாரும் நிற்கிறார்கள், அப்புறம் தானாகக் கலைகிறது. காரணம் என்ன?

ஜப்பானில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள். முடிவு 2008இல் வெளியானது. தடை எதுவும் இல்லாமலேயே கொஞ்ச நேரத்தில் நெரிசல் உண்டாகிப் பின்பக்கமாக நகர்ந்தது. ஒருவர் லேசாகப் பிரேக் போட்டால் பின்னால் இருப்பவர் கொஞ்சம் அதிகமாகப் போடுவார், அவருக்குப் பின்னால் இருப்பவர் நின்றே விடுவார். முன் வண்டியை ஒட்டிப் போகாமல் இடைவெளி விட்டால் அந்த அலை உங்களோடு அடங்கும்.

லாலி ரோடு பக்கமிருந்து: சிக்னலை எடுத்துவிட்டு யு-டர்ன் வைத்தது நல்லதா, கெட்டதா அண்ணா?

வண்டிக்கு நல்லது. நாலு பக்கத்துக்கும் தனித்தனியாகப் பச்சை விழும் சந்திப்பில், ஒவ்வொரு பக்கமும் முக்கால்வாசி நேரம் சிவப்பில்தான் நிற்கும். அந்தக் காத்திருப்பு இப்போது இல்லை. பதிலுக்கு, இடது பக்கம் திரும்பியவர் யு-டர்ன் எடுக்க உடனே வலது ஓரத்துக்கு வெட்டிப் போக வேண்டியிருக்கிறது; நீளமான பஸ் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் ரோட்டையே அடைத்துக்கொள்கிறது.

நடந்து போகிறவருக்குத்தான் பெரிய கஷ்டம். சிவப்பு விழும்போது கிடைத்த அந்த அரை நிமிடம் போய்விட்டது. என் அம்மாவுக்கு 78 வயது. எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைக்குப் போக இப்போது ஆட்டோ பிடிக்கிறார். ரோட்டைக் கடக்க ஆட்டோ! இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. நடப்பவர் பொத்தானை அழுத்தினால் வண்டிகளுக்குச் சிவப்பு விழும் சிக்னலை இந்த இடங்களில் வைக்கலாம். 15 மீட்டர் ரோட்டைக் கடக்க வயதானவருக்கு 20 விநாடி போதும். அந்த 20 விநாடியை நாம் தரத்தான் வேண்டும்.

மதுக்கரையிலிருந்து: பைபாஸில் ஏன் இவ்வளவு லாரி?

நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸ், போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று இருவழிச் சாலையாகப் போட்டது. பாலக்காட்டுப் பக்கம் போகும் சரக்கெல்லாம் அதில்தான். ஒரு லாரி மெதுவானால் பின்னால் எல்லாமே மெதுவாகிவிடும்.

சரவணம்பட்டியிலிருந்து: சத்தி ரோட்டுக்கு மெட்ரோ வந்தால் சரியாகிவிடுமா?

வரட்டும், வேண்டும். ஆனால் அது ஓடும்வரை காத்திருக்க முடியாது. ஒரு பஸ் ஏறக்குறைய மூன்று கார் இடத்தை எடுத்துக்கொண்டு ஐம்பது பேரைக் கூட்டிப் போகிறது. மூன்று காரில் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். காலை எட்டு முதல் பத்து வரை சத்தி ரோட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ், ஐ.டி. நிறுவன வாசல்வரை. முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.