நீலகிரியில் ஆண்டு முழுவதும் வானிலை எப்படி இருக்கும்? ஏன் அவ்வளவு குளிர்?

நீலகிரி வெயிலே இல்லாத ஊர் இல்லை. காற்று சூடாகாத ஊர். மேலே போகப் போக காற்றழுத்தம் குறைந்து, காற்று விரிந்து குளிரும். சைக்கிள் டியூபின் வால்வை அழுத்தினால் ஜில்லென்று காற்று வருமே, அதே சங்கதிதான். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மழைதான் சுவாரசியம். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் மோதிக் கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. பெய்தது! அந்த நேரத்தில் கிழக்குப் பக்கமுள்ள கோத்தகிரியில் அவ்வளவு மழை இருக்காது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் குன்னூர், கோத்தகிரியின் முறை. மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவுச் செய்திகள் வருவதும் அப்போதுதான். ஏப்ரல், மே இதமாக இருக்கும், கூட்டம்தான் தாங்காது.

டிசம்பர், ஜனவரியில் பகலில் நல்ல வெயில் அடிக்கும். இரவில் மேகம் இல்லாததால் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும். கனத்த குளிர்காற்று, திறந்த ஃப்ரிட்ஜிலிருந்து காலில் விழுவதுபோல, பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டுத் தோட்டம் தப்பிக்க, பள்ளத்துத் தேயிலை உறைபனியில் கருகுகிறது.

அப்புறம், தலைக்குந்தாவில் விடிகாலையில் புல்மேல் வெள்ளையாகத் தெரிவதை வீடியோ எடுத்து ‘ஊட்டியில் பனிமழை’ என்று போடுகிறார்களே, அது வானிலிருந்து விழுந்ததல்ல. காற்றின் ஈரம் புல்லிலேயே உறைந்த உறைபனி.