நகர்ந்தது துணைக்கோளா, டிஷ் கம்பமா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பல வருடமாக அதே ஆஸ்ட்ரோ டிவி டிஷ். இப்போது தூறல் போட்டாலே படம் போய்விடுகிறது. பார்க்க வந்தவர், துணைக்கோள் இடம் மாறிவிட்டது, டிஷ்ஷைத் திருப்ப 150 வெள்ளி என்கிறார். அது அப்படி நகருமா?"

நகரும். ஆனால் உங்கள் டிஷ்ஷுக்குத் தெரிகிற அளவுக்கு நகர விடமாட்டார்கள்.

ஆஸ்ட்ரோவைச் சுமக்கும் மெசாட் துணைக்கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 டிகிரியில், நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும், பூமி சுழலும் நேரத்திலேயே ஒரு சுற்றை முடிப்பதால் நம் கண்ணுக்கு நின்ற இடத்தில் நிற்கின்றன. சும்மா விட்டால் நிற்காது. நிலாவும் சூரியனும் இழுத்து, அதன் பாதையை ஆண்டுக்கு ஏறக்குறைய 0.8 டிகிரி சாய்த்துவிடும். பூமியின் நடுப்பகுதியும் சரியான வட்டமில்லை. அதனால் நம்முடையது மெல்ல மேற்கே, 75 டிகிரி பக்கமாகச் சரியப் பார்க்கும். இதையெல்லாம் தரையிலிருந்து ஆட்கள் ராத்திரி பகலாகக் கவனித்து, சிறு உந்திகளை இயக்கித் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். எரிபொருளில் பெரும்பங்கு அந்த வடக்கு தெற்குச் சாய்வை நிமிர்த்தவே போகிறது. அது தீரும் தறுவாயில், மிச்சத்தை வைத்துத் துணைக்கோளைச் சுமார் 300 கிலோமீட்டர் மேலே ஏற்றி ஓய்வு கொடுத்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒழுங்கு இது.

பொதுவாக இப்படிப்பட்ட துணைக்கோளுக்கு இருபுறமும் 0.05 டிகிரிதான் இடம். இரு பக்கமும் சேர்த்தால் முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் 60 சென்டிமீட்டர் டிஷ் பார்ப்பதோ சுமார் 3 டிகிரி அகலம். அந்த அசைவு அதற்கு எங்கே தெரியப் போகிறது? 2021 ஜூனில் மெசாட்-3 பழுதானபோதுகூட, அலைவரிசைகளை அதன் பக்கத்திலேயே இருந்த மற்ற மெசாட்களுக்கு மாற்றினார்கள். அதற்காக வீட்டுக்கு வீடு டிஷ்ஷைத் திருப்பவில்லை.

சரி, அப்புறம் ஏன் தூறலுக்கே படம் போகிறது? அசைந்திருப்பது உங்கள் வீட்டுக் கம்பமாகத்தான் இருக்கும். டிஷ் ஒன்றரை டிகிரி சாய்ந்தால் வரும் அலையில் பாதி போய்விடும். ஒன்றரை டிகிரி என்றால், விளிம்பு ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கினால் போதும். துருப்பிடித்த ஒரு போல்ட்டுக்கு அது பெரிய விஷயமில்லை. வெயில் நாளில் மிச்சப் பாதியே போதும் என்பதால் படம் பளிச்சென்று தெரியும். கொஞ்சம் மழை குறுக்கே வந்ததும் அறுந்துவிடும். கொட்டும் மழையில் எல்லா வீட்டிலும்தான் போகும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காய்ந்த நாளாகப் பாருங்கள். டிகோடர் மெனுவில் சிக்னல் அளவைத் திறந்து, வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கம்பத்தை மெதுவாக அழுத்துங்கள். எண் ஏறி இறங்கினால் பிடிமானம் தளர்ந்திருக்கிறது. தகரக் கூரைமேல் இருந்தால் நீங்கள் ஏறவே வேண்டாம். ஆளைக் கூப்பிட்டு, "கம்பத்தை இறுக்கி, டிஷ்ஷைச் சரிபார்த்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். நியாயமான கூலி கொடுக்க வேண்டிய வேலைதான் அது.

மரத்தையும் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து துணைக்கோள் மேற்கு-தென்மேற்கில் சுமார் 77 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது. எல்என்பி, அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிய கை நுனியில் அலையை வாங்கும் சிறு பெட்டி, கீழே தள்ளிப் பொருத்திய டிஷ், முகம் காட்டும் இடத்தைவிட இன்னும் மேலேதான் பார்க்கும். ஆகவே எதிரே தூரத்தில் நிற்கும் செம்பனை தடையில்லை. கூரைக்கு மேல் கவிந்த ரம்புத்தான் கிளைதான் தடை. கடைசியாக, எல்என்பியில் கேபிள் நுழையும் முனையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த முனையை வெட்டிப் புதிதாகப் போட வேண்டும்.