கோவிலுக்கு ஏன் போகவேண்டும்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது பெங்களூரில் ஐ.டி. வேலை. மூன்று வயதில் ஒரு பையன். ஊரில் இருந்தவரை ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு என்று ஒரு ஞாயிறு தவறியதில்லை. கொரோனா சமயத்தில் யூடியூபில் ஆராதனை பார்க்க ஆரம்பித்தோம், அது அப்படியே தொடர்கிறது. நல்ல பிரசங்கம், நல்ல பாட்டு. வீட்டில் தினமும் ஜெபமும் வேதவாசிப்பும் உண்டு. ஊருக்குப் போனால் மட்டும், “கோவிலுக்கே போறதில்லையாமே” என்று அத்தை தொடங்கிவிடுவார். சபைத் தேர்தல் அடிதடி, கோர்ட் வழக்கு எல்லாம் பார்த்தபிறகு வீடே நிம்மதி என்று தோன்றுகிறது. கடவுள் எங்கும் இருக்கிறார்தானே? வாராவாரம் ஆலயத்துக்குப் போக உண்மையிலேயே காரணம் ஏதும் உண்டா, வெறும் பழக்கம்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடவுள் எங்கும் இருக்கிறார். அதில் உங்களுக்கும் அத்தைக்கும் தகராறே இல்லை. உங்கள் கடிதத்தில் பிரசங்கம் வருகிறது, பாட்டு வருகிறது, ஜெபம் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் வரவில்லை. வந்தாலும் அடிதடிக்காரராக வருகிறார். எனக்கு ஆராதனையே அந்தப் பக்கத்து ஆளோடு சேர்ந்ததுதான்.

சுமார் 155ஆம் ஆண்டில் ரோமிலிருந்த ஜஸ்டின் என்பவர் பேரரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்கள் என்று அதில் விவரமாகச் சொல்கிறார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அப்போஸ்தலரும் தீர்க்கதரிசிகளும் எழுதியவை நேரம் அனுமதிக்கும்வரை வாசிக்கப்படுகின்றன. தலைவர் பேசுகிறார், எல்லோரும் எழுந்து ஜெபிக்கிறார்கள், அப்பமும் திராட்சரசமும் பகிரப்படுகின்றன. நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. அதற்கு அடுத்து அவர் எழுதுவதைக் கவனியுங்கள். வராதவர்களுக்கு அவர்களுடைய பங்கை உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். வசதி உள்ளவர்கள் மனமுவந்து கொடுத்ததிலிருந்து அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் கிடப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் கவனிக்கப்படுகிறார்கள்.

யார் வரவில்லை என்று தெரிந்தால்தானே கொண்டுபோக முடியும்? வாராவாரம் முகம் பார்க்கும் கூட்டத்துக்குத்தான் அது தெரியும். யூடியூபில் பார்வையாளர் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை.

எங்கள் ஊர்க் கோவிலில் பெண்கள் பக்கத்தில் ஒரு பாட்டி உட்காருவார். கண் சரியாகத் தெரியாது. ஐயர், அதாவது போதகர், பாமாலை எண்ணைச் சொன்னதும் புத்தகத்தைப் பக்கத்திலிருக்கும் சிறுமியிடம் நீட்டுவார், அவள் பக்கத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பாள். பாட்டிக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் பாடிவிடுவார். ஆனாலும் நீட்டுவார். அந்தப் பிள்ளை ஒரு ஞாயிறு வராவிட்டால், ஆராதனை முடிந்த கையோடு அவள் வீட்டுக்குப் போய்விடுவார். காய்ச்சலா, பள்ளிக்கூடத்தில் எதுவுமா, அப்பா திரும்பக் குடிக்க ஆரம்பித்துவிட்டாரா என்பதெல்லாம் ஊரில் அவருக்குத்தான் முதலில் தெரியும். சில நேரம் தொல்லையாகவும் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை.

சரி, சண்டைக்கு வருவோம். தேர்தல் கூத்து பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. அதைவிட மோசமான ஒன்றையும் சொல்கிறேன். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் உள்ள கத்தோலிக்கத் திருக்குடும்ப ஆலயத்தில் இரண்டு நீண்ட கூடங்கள், கால்சட்டையின் இரண்டு கால்கள்போலப் பிரிந்து, பீடத்தருகே ஒன்றுசேரும். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார்கள். நடுவே சுவர். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. தனி இடம் கேட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

சுவருக்கு இரண்டு பக்கமும் ஞாயிறு தவறாதவர்கள் இருந்திருப்பார்கள். அதனால், கோவிலுக்கு ஒழுங்காகப் போனால் மனிதன் திருந்திவிடுவான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு அவரவர் வீட்டில் அவரவர் ஜெபித்துக்கொண்டிருந்தால் இடிப்பதற்கு ஒரு சுவரே இருந்திருக்காது. சாதி மட்டும் பத்திரமாக இருந்திருக்கும். ஒரே அப்பத்தில் எல்லோருக்கும் பங்கு என்று சொல்லுகிற இடத்தில் நின்றதால்தான் அந்தச் சுவர் அவ்வளவு கேவலமாகத் தெரிந்தது.

ஆதிச் சபையும் லேசுப்பட்டதல்ல. கொரிந்து நகரத்துச் சபை கூடும்போது வசதிக்காரர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் (குடிபோதையில்)” என்று அப்போஸ்தலன் பவுல் திட்டுகிறார். நீங்கள் கூடிவருவது நன்மையைவிடத் தீமைக்குத்தான் உதவுகிறது என்கிற அளவுக்குப் போகிறார். அவ்வளவு கோபத்திலும், இனி கூடாதீர்கள் என்று அவர் எழுதவில்லை. “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்” என்றுதான் எழுதுகிறார்.

அத்தை வேதத்திலிருந்து எபிரெயர் 10:25ஐ எடுத்து உங்கள்மேல் வீசியிருப்பார். “சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்” என்பதோடு நிறுத்தியும் இருப்பார். அதே வசனம் “ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்” என்று தொடர்கிறது. வருகைப் பதிவேடு வைத்திருப்பவர்கள் அதை வாசிப்பதில்லை.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கும், ஞாயிறு டியூட்டி பார்க்கும் நர்ஸுக்கும் யூடியூப் பெரிய கொடை. கோவிலிலேயே ஒருவரால் காயப்பட்டவர்கள் அங்கே திரும்பிப் போய்த்தான் ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துவது பாவம். அவர்கள் வேறு சபை தேடட்டும். உங்கள் நிலை இந்த மூன்றும் இல்லை என்றே கடிதத்திலிருந்து புரிகிறது.

பெங்களூரில் தமிழ் ஆராதனைக்குப் பஞ்சமில்லை. பிரசங்கி யார் என்று பார்க்காமல் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று பாருங்கள், தூரமாக இருந்தால் இரண்டு மாதத்தில் விட்டுவிடுவீர்கள். திருவிருந்து, அதாவது அந்த அப்பமும் ரசமும் பகிரும் ஞாயிறாகப் பார்த்துத் தொடங்குங்கள். பையன் ஓடத்தான் செய்வான், பின்வரிசையில் உட்கார்ந்துகொள்ளுங்கள், முறைப்பவர்கள் முறைக்கட்டும். அடுத்த வாரமும் அதே வரிசையில் உட்காருங்கள், அப்போதுதான் யாராவது பேர் கேட்பார்கள். கமிட்டியில் நிற்கச் சொல்லி ஆள் வந்தால் மட்டும் முதல் வருடம் தலையைக் கொடுக்கவேண்டாம்.