அம்மா விடியற்காலையில் விழுகிறார், கொழும்புக்குக் கூட்டி வரட்டுமா?

கேள்வி: டொக்டர், அம்மாவுக்கு 72 வயது. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் பிறந்த அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். இரண்டு மாதத்தில் இரண்டு தரம், விடியற்காலை கக்கூசுக்குப் போக எழும்பி விழுந்துவிட்டார். இரண்டாம் தரம் விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் மகள்தான் முழங்கைக் காயத்தைப் பார்த்துச் சொன்னாள். அண்ணி பகலில் கொழுந்துக்குப் போய்விடுவார். நான் கொழும்பில் வேலை செய்கிறேன். என்னோடு கூட்டி வந்துவிடலாம் என்று பார்க்கிறேன். அம்மா வர மாட்டேன் என்கிறார்.

பதில்: இரண்டாம் தரம் விழுந்ததை அம்மா மறைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னால் வீட்டை விட்டுக் கூட்டிப் போய்விடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கலாம். அந்தப் பயம் இருக்கும்வரை அடுத்த தரம் விழுந்தாலும் சொல்ல மாட்டார். அதனால் கொழும்புப் பேச்சை இப்போதைக்கு எடுக்காதீர்கள். ஏன் விழுகிறார் என்று தெரியாமல் இடத்தை மட்டும் மாற்றினால் அங்கேயும் விழுவார். அதுவும் பழக்கமில்லாத வீட்டில், வழுக்கும் டைல்ஸ் தரையில்.

இரண்டு தரமும் விடியற்காலை, படுக்கையிலிருந்து எழும்பியதும் நடந்திருக்கிறது. வயசாகிவிட்டது, அப்படித்தான் என்று இதை விட்டுவிடக் கூடாது. இரண்டு காரணங்களை நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஒன்று, எழும்பியவுடன் பிரஷர் இறங்கிவிடுவது. கிளினிக்கில் கூட்டம், உட்கார வைத்துத்தான் பிரஷர் பார்ப்பார்கள். உட்கார்ந்திருக்கும்போது சரியாகத்தான் இருக்கும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தரம், எழும்பி நின்று ஒரு நிமிடத்தில் ஒரு தரம், மூன்றாம் நிமிடத்தில் இன்னொரு தரம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், மருந்தைத் திருத்த வேண்டியிருக்கலாம். பிரசோசின் என்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். சிறுநீர் போகவைக்கும் மாத்திரையைப் பின்னேரம் எடுத்தால் இரவெல்லாம் எழும்ப வேண்டியிருக்கும். காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

மற்றது, சீனி குறைந்துபோவது. இரவில் ஒரு ரொட்டித் துண்டும் பிளேன் டீயும் குடித்துவிட்டு மாத்திரையை மட்டும் முழுதாகப் போடும் வயதானவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற சீனியைக் குறைக்கும் மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பாடு குறைந்தால், விடியற்காலையில் சீனி விழுந்துவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றமான பேச்சு வந்ததா என்று அண்ணன் மகளைக் கேளுங்கள். அவளிடமே ஒரு குளுக்கோமீட்டரைக் கொடுத்து, இரண்டு மூன்று நாள் அதிகாலை 3 மணிக்குப் பார்க்கச் சொல்லுங்கள். 70க்குக் கீழே (mg/dL அளவில்) இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. கிளிபென்கிளமைட் இந்த வயதுக்கு ஏற்ற மருந்தல்ல. கிளினிக் கொப்பியில் அந்தப் பெயர் இருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், தலைச்சுற்றுக்கென்று டவுனில் வாங்கிய மாத்திரை ஏதும் இருக்கிறதா? சினாரசின், புரோகுளோர்பெரசின் இரண்டையும் மாதக்கணக்கில் எடுத்தால் வயதானவர்களுக்கு உடம்பு இறுகி, நடை தளர்ந்து, அந்த மருந்தாலேயே விழுவார்கள். தடிமனுக்குப் போடும் குளோர்பெனிரமினாலும் நித்திரை மாத்திரையாலும்கூடத் தடுமாறி விழலாம். தலையணைக்கு அடியில் இருப்பது உட்பட எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். அதோடு கண்ணில் வெண்புரை இருக்கிறதா, இரத்தம் குறைவாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி வீடு. லயத்தில் கக்கூசுக்குப் போக இஸ்தோப்பை (முன் திண்ணையை)த் தாண்டி, படி இறங்கி, கானைக் கடந்து போக வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் படியில் பாசி. சீனி வருத்தத்தில் பாதம் மரத்திருந்தால் வழுக்குவதும் தெரியாது. இரவில் அந்தப் பாதையே வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் கொமோட் கதிரை ஒன்று, இல்லாவிட்டால் மூடியுள்ள வாளி போதும். அம்மா வெட்கப்படுவார், அண்ணி சொல்வதைவிட நீங்கள் சொன்னால் கேட்பார். பகலுக்குப் படியோரம் பைப்பில் ஒரு கைப்பிடி, அடி தேயாத செருப்பு, கைக்கெட்டும் இடத்தில் டோர்ச். எழும்பும்போது கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழும்பட்டும். குளிருக்காகக் கரி நெருப்பை மூடிய காம்பராவுக்குள் வைக்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். அந்தப் புகையில்லாத விஷவாயு நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும்.

நாற்பது வருடம் மலை ஏறிய கால்கள் அவருடையவை. ஆனால் விழுந்த பயத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் சில வாரத்திலேயே வலு போய்விடும். சுவரோரம் கதிரையைப் போட்டு, ஒருவர் பக்கத்தில் நிற்க, உட்கார்ந்து எழும்பப் பழக்குங்கள். ஐந்து தரத்தில் தொடங்கினால் போதும்.

மீண்டும் விழுந்தால் உடனே இழுத்துத் தூக்கக் கூடாது. இடுப்பு வலித்து, நிற்க முடியாமல், ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அது லயத்து வாசல்வரை வராமல் போகலாம், அதனால் ஒருவர் டோர்ச்சோடு றோட்டுக்குப் போய் நிற்கட்டும். தலை அடிபட்டிருந்து, அம்மா அஸ்பிரின், குளோபிடோகிரெல், வோர்பரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஏதாவது எடுப்பவரானால், நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். சில வாரம் கழித்துத் தூக்கக் கலக்கம், குழப்பம் வந்தாலும் அப்படித்தான்.

அண்ணியை நினைத்தும் எனக்குக் கவலை. பகல் முழுக்கக் கொழுந்து, இரவில் காவல் என்றால் அவர் எத்தனை நாள் தாங்குவார்? மாதம் இரண்டு நாளாவது நீங்கள் போய் இருந்து அவரை ஓய்வெடுக்க விடுங்கள். அந்த நாட்களில் ஒன்று அம்மாவின் கிளினிக் நாளாக இருக்கட்டும். மருந்துப் பையை நீங்களே எடுத்துக்கொண்டு கூடப் போங்கள். மருந்து திருத்தி ஆறு வாரம் போனபின், எங்கே இருக்க விரும்புகிறார் என்று அம்மாவிடமே கேளுங்கள்.